கஞ்சியில் கலந்தது

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் வழக்கம்போல் படுத்துகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பரவாயில்லையா?

போன வாரம் பதிப்பாளர் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “உங்க வைத்தியருக்கு வயசாயிடுச்சு சார், ஓய்வு கொடுத்துடலாமா?” என்று கேட்டார். பதினோரு நாவலாக அந்த அரண்மனை வைத்தியர் கொலைகாரனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பிணங்களை வைத்துத்தான் உன் தம்பி பிழைக்கிறான் என்று நீயே கிண்டல் செய்வாய். கடைசி இரண்டு பிணமும் விலை போகவில்லை அக்கா. இந்தத் தடவை சரியாக வராவிட்டால் நான் பழையபடி கோர்ட்டில் தட்டச்சு அடிக்கப் போக வேண்டியதுதான்.

புதுக் கதையில் ஒரு சுங்கத் தலைவன் படுத்த படுக்கையாகக் கிடந்து சாகிறான். நோயா, வேறு ஏதாவதா என்று வைத்தியர் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கிடந்து போகிற மனிதரை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மாமா போய் இரண்டு வருடம் ஆகிறது, நான் உன்னிடம் எதுவுமே கேட்டதில்லை. கடைசி மாதங்களில் எப்படி இருந்தார்? என்ன சாப்பிட்டார், எப்படிக் கொடுத்தாய்? கஷ்டமாக இருந்தால் விட்டுவிடு. எழுதுவதானால் ஒன்றும் விடாமல் எழுது.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 17

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் படியேறும்போது மட்டும் நான் இருக்கிறேன் என்கிறது. வயிற்றைக் காயப் போடாமல் நேரத்துக்குச் சாப்பிடு.

கஷ்டமாக இருந்தால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, அட பைத்தியமே! இந்த இரண்டு வருடத்தில் அவர் எப்படிப் போனார் என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. “மனசைத் தேத்திக்கோ” என்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். நீ கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது.

ஈரல் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். கடைசி நான்கு மாதம் எதையும் முழுங்க முடியவில்லை. கஞ்சி மட்டும்தான், அதுவும் வடிகட்டினது. மாத்திரை என்றாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வார். உன் முதல் நாவலைத் தலைகீழாய் நின்று அச்சேற்றிய மனிதர், ராத்திரி பகலாக உன் பிழைகளைத் திருத்தியவர், மாத்திரைக்குக் குழந்தை மாதிரி அடம் பிடித்தார். நான் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவள், சொந்தப் புருஷனுக்குக் கொடுக்க முடியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். “பொடி பண்ணிக் கலந்துடும்மா, சொல்லாதே” என்றார். அப்படியே செய்தேன். அம்மியில் இல்லை, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்குவேன், சத்தம் கேட்கக் கூடாதென்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு.

அத்தையும் நானும்தான் இப்போது இந்த வீட்டில். அவருக்குக் கண் பாதிதான் தெரிகிறது. மாத்திரை, கண் சொட்டு மருந்து, சாப்பாடு எல்லாம் என் கையால்தான். சாயங்காலம் உன் பழைய நாவலைப் படித்துக் காட்டச் சொல்கிறார். வழக்கம்போல் கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் பிரதியை அனுப்பு. கொலைகாரன் யார் என்று நாங்கள் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டு எழுதுகிறோம்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தையும் நலம் என்று நினைக்கிறேன்.

என்ன கடிதம் எழுதியிருக்கிறாய்! இரண்டு கரண்டியும் அடுப்படிக் கதவும் மட்டுமே எனக்கு ஒரு அத்தியாயம். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கலந்தது மாமாவுக்குத் தெரிந்ததா? ருசியில் கண்டுபிடித்தாரா? என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய்? அப்படியே அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. எப்போதுமே உன் காதுக்கு ஒரு வார்த்தை தப்பாது. உடனே பதில் போடு, வேலை அதில்தான் நிற்கிறது.

தம்பி


பிப்ரவரி 20

என் தம்பிக்கு,

நலம். அத்தைக்கு லேசாக இருமல், இப்போது விட்டுவிட்டது.

நீ கேட்கிற விதம் கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. அடித்த தட்டச்சு உன்னை விடவில்லை போல. சரி, கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் முதல் வாயிலேயே கரண்டியைத் தள்ளிவிட்டு, “கசக்குதே. என்னத்தைக் கலந்தே?” என்றார். நான், “ஒண்ணுமில்லை. நாக்கு செத்துப்போச்சு உங்களுக்கு” என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு கடைசிவரை கேட்கவே இல்லை. தெரிந்தேதான் எனக்காகக் குடித்தார் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிரதியை எப்போது அனுப்புவாய்? அத்தை தினமும் கேட்கிறார்.

உன் அக்கா


மே 30

என் தம்பிக்கு,

நலமா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துபோனேன். பிறகு பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் புத்தகக் கடையில் விளம்பரம் தொங்குகிறது. “சுங்கத் தலைவனின் கிண்ணம்”, அடுத்த வாரம் வெளியீடு, உன் படம் பெரிதாக. முடியெல்லாம் நரைத்துவிட்டதே உனக்கு!

எனக்குச் சந்தோஷம்தான். மருந்து ஜன்னலில் வேலை செய்கிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் காசு சேர்த்து வாங்கப் போகிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினோரு நாவலும் கடைசி அத்தியாயம் இல்லாமல் எனக்குத்தான் முதலில் வந்தது. இது ஏன் வரவில்லை?

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை தலைக்கு மேல். பதிப்பாளர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார், பக்கம் பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு போனார், பிரதி எடுக்கவே நேரமில்லை. வேறொன்றும் நினைக்காதே.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போகிறது அக்கா. முதல் அச்சு பத்து நாளில் தீர்ந்துவிட்டது. வைத்தியருக்கு இனி ஓய்வே இல்லை என்கிறார் அதே பதிப்பாளர். பரிசுக்கும் பேர் போயிருக்கிறதாம்.

உனக்கு நானே ஒரு பிரதி அனுப்புகிறேன், கடையில் வாங்காதே. அத்தைக்கு உடனே படித்துக் காட்ட வேண்டாம். கொஞ்சம் மனசைப் பிசைகிற கதை, வயசானவர்கள் தாங்க மாட்டார்கள்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

நலமாக இருப்பாய். பிய்த்துக்கொண்டு போகிறதல்லவா.

நீ அனுப்புவதாகச் சொன்ன பிரதி வரவில்லை. வரவும் வேண்டாம். என் நாத்தனார் ஒன்று வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தன் அம்மாவுக்குத் தானே படித்துக் காட்ட வேண்டுமென்று ஆசை. நான் துணி மடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். அந்தச் சுங்கத் தலைவனுக்கு ஈரல் நோய். அவன் பெண்டாட்டி நாட்டு மருந்துக் கடைக்காரன் மகள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கரண்டிக்கு நடுவில் எதையோ நசுக்குகிறாள். அவன் குடித்துப் பார்த்துவிட்டு, “கசக்குதே. என்னத்தைக் கலந்தே?” என்கிறான். அவள், “ஒண்ணுமில்லை. நாக்கு செத்துப்போச்சு உங்களுக்கு” என்கிறாள்.

நாத்தனார் அந்த வரியைப் படித்ததும் அத்தை கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “இதை நான் கேட்டிருக்கேன்” என்றார். ஆமாம் தம்பி, அன்றைக்கு அத்தை அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை.

“அன்னிக்கு என்னம்மா கலந்தே?” என்று கேட்டார். மாத்திரை என்றேன். “அப்புறம் ஏன் ஒண்ணுமில்லைன்னு சொன்னே?” என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அந்த டாக்டர் வேலை மாறிப் போய் எந்த ஊரில் இருக்கிறாரோ. நாத்தனார் கடைசி அத்தியாயத்துக்குப் புரட்டினாள். உன் வைத்தியர் கண்டுபிடித்துவிட்டார். பெண்டாட்டிதான்.

அன்றைக்கு ராத்திரி நான் வைத்த சாப்பாட்டை அத்தை தொடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீ செஞ்சிருக்க மாட்டே, எனக்குத் தெரியும்மா. ஆனா கை போகமாட்டேங்குது” என்றார். திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் பதில் எழுது. நீ அப்படி நினைக்கிறாயா?

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ இவ்வளவு வருத்தப்படுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை. அரண்மனை, கோட்டை, குதிரை வண்டி. அந்தப் பெண் சிவப்பு, உயரம், கழுத்தில் மச்சம். உனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? வீடு கட்டுகிறவன் கிடைக்கிற இடத்திலிருந்து கல் எடுப்பான். முதல் நாவலில் நம் அப்பாவின் நடையைத்தான் கோட்டைக் காவலனுக்குக் கொடுத்தேன். அப்போது நீ சிரித்தாயே.

கொலை நம்பும்படி இருக்கிறது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமை பாதி உன் கடிதத்துக்குத்தான். பரிசு எனக்குத்தான் என்று நேற்று செய்தி வந்தது. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன்.

அத்தை வயசானவர், நாலு நாளில் மறந்துவிடுவார். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

பரிசுக்குச் சந்தோஷம்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மச்சம் இருக்கிறது, குதிரை வண்டி இருக்கிறது, பதில் இல்லை.

அத்தை மறக்கவில்லை. பாக்கெட் பிரிக்காத பிஸ்கட்டும் ரொட்டியும்தான் சாப்பிடுகிறார். பாக்கெட்டைத் தானே பல்லால் கடித்துப் பிரிக்கிறார். மாத்திரையை அட்டையோடு கொடு என்கிறார். கண் சரியாகத் தெரியாமல் காலை மாத்திரையை ராத்திரியும் ராத்திரி மாத்திரையைக் காலையும் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுந்தார். தூக்கப் போனேன். என் கை பட்டதும் உடம்பு விறைத்தது. வளையல் தொளதொளவென்று முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மருந்து ஜன்னல். என் ஜன்னலில் கூட்டம் இல்லை. அடுத்த ஜன்னல் வரிசை வாசல்வரை நிற்கிறது. இந்தப் பக்கம் வாங்க என்று கூப்பிட்டால், “பரவாயில்லைம்மா, நிக்கிறோம்” என்கிறார்கள். சிரிக்கத்தான் தோன்றுகிறது, வேலைப்பளு குறைந்துவிட்டதே! என் தம்பி எழுதினது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான்தான், வேறு யாரைத் திட்டுவது?

கோர்ட்டும் வேண்டாம், பத்திரிகையில் மறுப்பும் வேண்டாம். ஒரு காரியம் செய். இங்கே வா. அத்தைக்கு எதிரே உட்கார்ந்து, அதெல்லாம் நீயாகக் கற்பனை செய்தது என்று உன் வாயால் சொல். பிறகு என் கையால் ஒருவேளை சாப்பிடு, அவர் பார்க்கச் சாப்பிடு. நீ சாப்பிட்டால் அவரும் சாப்பிடுவார். அவர் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் உன் மாமாவைத் தெரியும்.

சீக்கிரம் வா.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்று வலியில் ஒரு வாரம் படுத்துவிட்டேன், பிறகு பரிசளிப்பு, பேட்டி, அது இது என்று நாள் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள். அத்தை எப்படி இருக்கிறார்?

அடுத்த பதிப்பில் முன்பக்கத்தில் இப்படிப் போடச் சொல்லியிருக்கிறேன்: “இக்கதை முழுவதும் ஆசிரியரின் கற்பனையே. வாழ்ந்த, வாழும் எவரையும் குறிப்பதல்ல.” அச்சடித்த பக்கத்தையே கொண்டு வந்து அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன். 24ஆம் தேதி மதியம் வருகிறேன். எனக்குப் பிடித்ததைச் செய்து வை. உன் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று!

தம்பி


அக்டோபர் 1

தம்பிக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். வயிறு எப்படி இருக்கிறது?

நீ வந்ததற்கு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன். வராமலே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். விடிந்ததும் எழுந்து சமைத்தேன். நாத்தனாரையும் வரச் சொல்லியிருந்தேன், அவளும் பார்க்கட்டும் என்று. நீ அச்சடித்த பக்கத்தை நன்றாகப் படித்தாய். உனக்குக் கணீரென்ற குரல். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “எல்லாம் நானா ஜோடிச்சதுங்க அத்தை, அக்கா மேல ஆணை” என்றாய். அத்தை முகம் இளகினதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது.

பிறகு பரிமாறினேன். நீ ரயிலைப் பற்றிப் பேசினாய், பரிசு கொடுத்தவர் உன் பெயரைத் தப்பாகச் சொன்னதைப் பற்றிப் பேசினாய், எல்லாரும் சிரித்தோம். சாப்பாடு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அத்தையும் கையைக் கழுவிவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது நீ என்னைப் பார்த்து, “நீயும் உக்காருக்கா. சேர்ந்து சாப்பிடலாம்” என்றாய்.

இத்தனை வயசுக்கு ஒருநாளாவது நீ என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாயா? பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் கையை விட்டுச் சுட்டுக்கொள்கிறவன் நீ. யார் சாப்பிட்டார்கள், யாருக்கு மிச்சம் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சரி, பாசம் வந்துவிட்டது என்று நானும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே பாத்திரத்திலிருந்து போட்டுக்கொண்டேன். முதல் கவளத்தை வாயில் வைத்தேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு என் தொண்டையைப் பார்த்தாய். நான் முழுங்கினேன். அதற்குப் பிறகுதான் உன் கை தட்டுக்குப் போனது.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. யோசித்துச் செய்திருந்தால் நடிப்பு என்று விட்டிருப்பேன். நீ செய்தது உனக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாய்.

ஜூலையில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனிமேல் எழுத வேண்டாம்.

அத்தைக்குக் கண் பாதிதான் தெரியும், ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அவ்வளவு தெரிந்தது. தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். நீ கிளம்பின பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் நாத்தனார் வண்டி கொண்டு வந்தாள். அத்தையின் துணிமணியை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன், மாத்திரையை மட்டும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். வாசலில் அத்தை என் கன்னத்தைத் தடவினார். “கூடப் பொறந்தவனுக்கே அப்படின்னா நான் என்னம்மா செய்வேன்” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த நாவல் எழுதத் தொடங்கியிருப்பாய். நன்றாக வரட்டும்.

நான் சௌகரியமாக இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவுதான் இன்னும் கைக்குப் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சிப் போகிறது.

அக்கா